அத்தை மேல் விழாத பல்லி

ஏப்ரல் 1, புதன்

இந்த நோட்டின் முதல் எட்டுப் பக்கமும் வேதியியல். அம்மா திறந்து பார்த்தாலும் அதோடு மூடி வைத்துவிடுவார் என்ற தைரியத்தில் ஒன்பதாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறேன்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. மூளைக்கு லீவு, வாய்க்கு வேலை. காலையில் அப்பாவின் பைப் கடைக்குக் குரலை மாற்றி போன் போட்டேன். "பூண்டியில இருந்து பேசறேனுங். கோயில் யானைக்கு ஷவர் வெக்கோணும். எத்தனை இஞ்சு பைப்பு போடலாமுங்?"

அப்பா கொஞ்சமும் சிரிக்கவில்லை. "ரெண்டு இஞ்சு போதுமுங். யானை நின்னுட்டுக் குளிக்குமா, படுத்துட்டுக் குளிக்குமாங்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிரித்து மாட்டிக்கொண்டேன். "சம்மு, நீ வூட்டுக்கு வா, உன்னையக் குளிப்பாட்டறேன்" என்று போனை வைத்தார். ஆனால் அவர் அளவு சொன்ன வேகத்தைப் பார்த்தால், யானை இன்னொரு நாள் நிஜமாகவே வந்தாலும் எங்கள் கடை தயார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று வீட்டில் பெரிய வேலை. அதற்கு முன் ஒரு கதைச் சுருக்கம்.

அம்மா பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தார். போன மாதம் வேலையை விட்டுவிட்டு, வீட்டின் கார் ஷெட்டிலேயே மெஷின் பழுது பார்க்கும் பட்டறை போடப்போவதாகச் சொன்னார். (கார் இல்லை. ஷெட் மட்டும் உண்டு. அப்பா ஆசைப்படுவதில் முறையான ஆள். முதலில் நிழல், பிறகுதான் பொருள்.) சித்திரை ஒன்று அன்று திறப்பு.

நாகமணி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போனிலேயே சண்டைக்குக் கிளம்பிவிட்டார். "இதென்ன கருமம் ரத்தினு? பொம்பள கையில ஸ்பேனரக் குடுத்துப்போட்டு நீ என்ன கரண்டி பிடிக்கப் போறியா?"

அப்பா சொன்னார்: "அக்கா, என்ற பொண்டாட்டி ஸ்பேனரக் கீழ வெச்சா இந்த ஊர்ல பாதி மெஷின் நின்னு போகும்." அம்மா அடுப்படியில் இருந்தார். காதில் விழாத மாதிரி தேங்காயைத் துருவினார். அரை மூடி போதும் என்ற குழம்புக்கு மூன்று மூடி துருவிவிட்டார்.

மெஷினுக்குள் அடைகிற பஞ்சை ஊதித் தள்ளக் காற்று வேண்டும். அதற்குப் பழைய கம்ப்ரஸர் ஒன்று வந்து ஷெட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து சுவரோரமாகக் காற்று ஓடி, அம்மாவின் மேஜைக்கு மேலே மூன்று இடத்தில் இறங்க வேண்டும். "லைன் நான் இழுக்கறேன். ஒருத்தனும் கை வெக்கக் கூடாது" என்று அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்தார். எந்தப் பைப்? கேள்வியே கிடையாது. எங்கள் கடைப் பைப். சாம்பல் நிற பி.வி.சி. அரை இஞ்சு. அல்வாக் கடைக்காரர் வீட்டு விசேஷத்தில் வேறு கடை அல்வா போடுவாரா?

வளைவுகளுக்கு மட்டம் பார்த்து, கம் தடவி, கிளிப் அடித்து, சாயங்காலம் வரை வேலை. பிறகு கையால் அடிக்கிற பம்பை வைத்துத் தண்ணீர் ஏற்றிச் சோதித்தார். அழுத்தம் காட்டுகிற முள் பத்தைத் தொட்டது.

"பத்து கிலோ! பைப்பு மேலயே பத்து கிலோன்னுதான் அச்சடிச்சிருக்கு. கம்ப்ரஸர் எட்டுலயே நின்னுக்கும். ஒரு சொட்டு ஒழுகுதா? காட்டு பாக்கலாம்!"

"பைப்பத் தூக்கிப் பாத்தா ரெண்டு கிலோ கூட இருக்காது போலயேப்பா" என்றேன்.

"அக்கட்டால போ."

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா மேலே பார்த்தார். "நல்லாருக்குதுங்க" என்று உள்ளே போய்விட்டார். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பவர், இதைத் தொடவில்லை. கம் காயட்டும் என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் 6, திங்கள்

யானை ஷவருக்குப் பரிகாரமாக அப்பாவிடம் நல்ல பிள்ளை பெயர் வாங்கலாம் என்று, கம்ப்ரஸர் லைனைப் பற்றி போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

யாரோ ஒருவர் வீட்டுப் பட்டறையில் இதே சாம்பல் பைப், இதே வேலை. அது வெடித்த பிறகு எடுத்த வீடியோ. பைப் கிழியவில்லை, ஒழுகவில்லை. கண்ணாடி டம்ளர் மாதிரி சிதறியிருந்தது. கத்தி கத்தியாகத் துண்டுகள், மரக் கதவில் குத்திக்கொண்டு.

எனக்குப் புரிந்தவரை: தண்ணீர் நாகமணி அத்தை மாதிரி, எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. பைப்பில் விரிசல் விட்டால் ஒரு பீய்ச்சு, அதோடு அழுத்தம் தீர்ந்தது. காற்று என்னை மாதிரி. அமுக்க அமுக்கச் சுருண்டு உட்கார்ந்து சமயம் பார்க்கும். ஒரு ஓட்டை கிடைத்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் விரியும், பைப்பையும் கூட்டிக்கொண்டு. பைப் மேல் அச்சடித்த பத்து கிலோ, குளிர்ந்த தண்ணீருக்கான பத்து கிலோ. வெயில் ஏற ஏற அந்தப் பத்தும் குறைந்துகொண்டே போகும். எங்கள் ஷெட்டுக்குத் தகரக் கூரை. அம்மா அதற்கு நேர் கீழே உட்கார்ந்து நாள் முழுக்க வேலை செய்யப் போகிறார்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். நிஜமாக, கையில் போனோடு.

"அன்னைக்கு யானை, இன்னைக்கு வெடிகுண்டா?"

"இல்லீங்கப்பா, நெசமா."

"இத்தன வருசமா பைப்பு விக்கறேன். என்ற பைப்பு வெடிச்சுதுன்னு ஒருத்தர் வந்து சொன்னதில்ல. போனக் கீழ வெச்சுட்டுச் சோத்தத் தின்னு."

அம்மாவைப் பார்த்தேன். ரசத்தை மிகக் கவனமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அம்மாவுக்கும் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது! எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இன்று தெரிந்தது.

பக்கத்துத் தெரு பனியன் யூனிட்டிலிருந்து அவசர வேலையாக ஒரு ஓவர்லாக் தையல் மெஷின் வந்தது. அம்மா மேஜையை விட்டுவிட்டு அதை ஷெட் வாசலுக்கு, வெயிலுக்கே இழுத்துப் போட்டார். கம்ப்ரஸரிலிருந்து நேராக ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டி ஊதினார். ஐந்தரைக்கு அப்பாவின் வண்டிச் சத்தம் முனையில் கேட்டதுமே ஹோஸைச் சுருட்டி மெஷின் உறைக்குள் திணித்துவிட்டு, மேஜைக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லைன் எப்படி இருக்குது?" என்று அப்பா கேட்டார்.

"அருமையா இருக்குதுங்க."

அம்மாவுக்கு மேஜை உயரம் சரியாக இல்லை போல. வெயிலில் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

ஏப்ரல் 8, புதன்

வெயில். மொட்டை மாடியில் போட்ட வடகம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. ஷெட்டுக்குள் நின்று பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

இனி வாயால் பேசிப் பயனில்லை. கையால் பேசினேன்.

லைன் கம்ப்ரஸரில் கிளம்புகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. கைப்பிடி பைப்போடு ஒரே நேராக நீண்டிருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. உலகமே அப்படித்தான் நம்புகிறது. ஆனால் இந்த வால்வில் கைப்பிடி மாட்டுகிற தண்டின் தலை சதுரம். ஒரு நட்டைக் கழற்றினால் கைப்பிடியை எந்தப் பக்கமும் திருப்பி மாட்டலாம்.

சாயங்காலம் வால்வை நன்றாக மூடினேன். கைப்பிடியைக் கழற்றி, கால்வட்டம் திருப்பி, மறுபடி மாட்டினேன். இப்போது பார்ப்பதற்குத் திறந்திருக்கிறது, உள்ளே பூட்டு. லைனுக்குள் ஒரு மூச்சுக் காற்று போகாது. அப்பா காரணம் தேடித் தேடி அலுத்து, ஒரு நாள் அந்த லைனையே கழற்றி எறிவார். எப்படி என் மூளை?

அப்பா வந்து கம்ப்ரஸரைப் போட்டார். மேஜைப் பக்கம் போய் ஊதுகிற துப்பாக்கியை அமுக்கினார். சத்தமில்லை. கைப்பிடியைப் பார்த்தார், நேராக இருந்தது. துப்பாக்கியைத் தட்டினார், குலுக்கினார், வாயால் ஊதிக்கூடப் பார்த்தார்.

"இந்த ஊதற கன்னுதான் அடைச்சிருக்குது. நாளைக்கு அக்கா வருது. அதுக்குள்ள புதுசு வாங்கியாரேன்" என்று கம்ப்ரஸர் தொட்டியின் காற்றையெல்லாம் திறந்துவிட்டுவிட்டுப் போனார்.

நான் நோட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறேன்.

ஏப்ரல் 11, சனி

எழுதிவிடுகிறேன்.

அத்தை பதினோரு மணிக்கு வந்தார். அப்பாவுக்குக் காலில் சக்கரம். காப்பி வருவதற்குள் அத்தையை ஷெட்டுக்குக் கூட்டிப் போய், லைனுக்குக் கீழே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்துவிட்டார். நான் போனபோது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல தொட்டி நெரம்பட்டும் அக்கா. நெரம்புனதும் உன்ற கையால வால்வைத் திறந்து வெச்சுரு. நீதான் வூட்டுக்குப் பெரியவ."

வால்வைப் பார்த்தேன். கைப்பிடி குறுக்காக நின்றது.

நான் நேராக விட்டிருந்தேன். யாரோ அதை மூடியிருக்கிறார்கள். மூடியிருக்கிறார்கள் என்றால், நான் செய்து வைத்த வேலையால், நிஜத்தில் திறந்திருக்கிறார்கள். தொட்டியில் ஏறுகிற காற்று அத்தனையும் லைனிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. முள் ஆறைத் தாண்டியிருந்தது. கூரைத் தகரம் வெயிலில் டப் டப்பென்று முறுக்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, வெளிய வாங்க. லைன்ல காத்து இருக்குது. வெடிச்சுரும்."

"வால்வு மூடித்தான் இருக்குது, கண்ணு. பாரு."

"இல்லீங்கப்பா, அது மூடல, நெசமா, வாங்க!"

"ஏப்ரல் ஒண்ணு முடிஞ்சு பத்து நாளாச்சு சம்மு" என்றார் அப்பா. அத்தை சேரில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இந்தப் புள்ளைக்கு வாய் யாருகிட்ட இருந்து வந்துச்சோ."

கம்ப்ரஸரை அணைத்தாலும் லைனுக்குள் போன காற்று அங்கேயேதான் இருக்கும். முள் ஏழு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத்தான் செய்ய முடிந்தது.

"அத்தை! பல்லி!"

"எங்க?"

"உங்க தோள் மேல விழுந்துட்டு ஓடுது!"

அத்தை எழுந்த வேகத்தில் சேர் பின்னால் நகர்ந்தது. "எந்தத் தோளு? வலதா, இடதா? டேய் ரத்தினு, எந்தத் தோளுன்னு பாத்தியா?"

"நான் எதையும் பாக்கலியே அக்கா!"

"இடதுன்னு நெனைக்கறேன் அத்தை. காலண்டர்ல பலன் பாத்தாத் தெரியும். சீக்கிரம் போங்க, தலைக்கு ஊத்தோணுமோ என்னமோ!"

சேலையை உதறிக்கொண்டு அத்தை ஓட, "இரு அக்கா, பயப்படாத" என்று அப்பா பின்னால் ஓட, நான் அப்பாவின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினேன். கூடத்தில் அத்தை தினசரிக் காலண்டரைக் கழற்றித் திருப்பி, கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்து, "இடது தோள்... இடது தோள்..." என்று விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில்.

அப்போதுதான் கேட்டது. தீபாவளியில் தகர டப்பாவுக்குள் வைத்த வெடி மாதிரி, அதைவிடப் பெரிதாக.

அம்மா தட்டைப் போட்டுவிட்டு முதலில் எங்கள் தலைகளைத்தான் எண்ணினார்.

ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தோம். சுவரில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. மேஜையெல்லாம் சாம்பல் சில்லுகள். அத்தை உட்கார்ந்திருந்த சேரின் முதுகில் ஒரு துண்டு, ஒரு சாண் நீளம், குத்தி மறுபக்கம் வந்து நின்றது.

அத்தை அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்லிக்கு ஒரு தேங்காய் ஒடைக்கோணும்" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை இட்லி. மதியம் தயிர் சாதம். வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

ஒன்றுமில்லை என்று நேற்று எழுதியதை அடிக்கப் பார்த்தேன். கிடக்கட்டும்.

இன்று காலை அம்மா என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். கையில் அந்த வால்வு. உள்ளே எட்டிப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தகரத்தில் எத்தனை ஆணி என்று எனக்கு இப்போது தெரியும்.

"இத மாட்டுன கைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுது. எங்க பிடிக்கறதுன்னுதான் தெரியல."

"லைனுக்குக் காத்து போகக் கூடாதுன்னுதாம்மா... நல்லதுக்குத்தான்."

"நானும் நல்லதுக்குத்தான் கண்ணு. தெனமும் அவரு கடைக்குப் போனதும் மூடி வெச்சுட்டு, வர்றதுக்குள்ள திறந்து வெச்சேன். சனிக்கெழமையும் அப்படித்தான் மூடுனேன்." வால்வை மேஜையில் வைத்தார். "நீ ஒரு நல்லது, நான் ஒரு நல்லது. ரெண்டு நல்லதும் சேந்து நாகமணி அண்ணியக் கொன்னுருக்கும்."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. அம்மா முந்தானையை என் முகத்தில் வைத்து அழுத்தித் துடைத்தார். தூசி.

பிறகு என் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். அப்பா ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார், என் கைப்பிடி உட்பட.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "உனக்கு மொதல்லயே தெரியுமா தமயந்தி?"

"கம்பெனியில காத்து லைனுக்கு இந்தப் பைப்பத் தொட விடமாட்டாங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"ஊரே சிரிக்கறப்ப நீங்க ஒருத்தர்தான் எனக்குன்னு லைன் இழுத்தீங்க. அது வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

அப்பா ஊஞ்சலிலிருந்து இறங்கினார். "அந்த வாயாலயே சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டுகிற குரல் இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்கப் பிடிக்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இருவரும் தரையில் சாக்பீஸால் லைன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை (அவர் ஊருக்குப் போகவே இல்லை, பலன் முழுதாகத் தெரியாமல் போக மாட்டாராம்) கட்டிலில் இருந்து யோசனை சொன்னார். "அதே பைப்பப் போட்டு மேல பழைய சேலையச் சுத்திரு ரத்தினு."

"சேலை தடுக்காது அக்கா." அப்பா இப்போது பைப்காரர் ஆகிவிட்டார். "தாமிரம் நல்லது, வெலைதான் தாங்காது. காத்துக்குன்னே அலுமினியத்துல வருது, இங்க உடனே கெடைக்காது. ஜி.ஐ. இரும்புப் பைப்பு போடுவோம். வெடிச்சுச் செதறாது."

"துருப்பிடிக்குமுங்க. காத்துல ஈரம் வரும்" என்றார் அம்மா.

"லைனக் கொஞ்சம் சரிவா இழுத்து, கடைசியில ஒரு கொழாய் வெச்சு, தண்ணிய வடிச்சு விட்டுருவோம். மேஜைக்கு எறங்கற பைப்ப லைனுக்கு அடியில எடுக்காம, மேல்பக்கமா எடுத்து வளைச்சு எறக்குவோம்."

"அப்ப மெஷினுக்குள்ள தண்ணி வராது" என்று அம்மா சாக்பீஸை வாங்கிக் கோட்டைத் திருத்தினார். அப்பா திருத்த விட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஜி.ஐ. பைப் எங்கள் கடையில் கிடையாது. எதிர்க்கடை ஈஸ்வரமூர்த்தி கடையில்தான் உண்டு. அப்பாவும் அவரும் பேசி வருடக்கணக்காகிறது. ஏன் என்று கேட்டால் இருவருமே யோசிக்கிறார்கள். என்னை அனுப்பினார். "நம்ம வூட்டுக்குன்னு சொல்லாத. தோழி வூட்டுக்குன்னு சொல்லு. பழைய வேட்டியில சுத்தி எடுத்துட்டு வா."

ஆறு மீட்டர் பைப்பை எந்த வேட்டியில் சுற்றுவது? இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டு ஆட்டோவில் ஊர்வலமாக வந்தேன். கடைவீதியே பார்த்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

திறப்பு விழா நடந்தது. அத்தை கையால் வால்வு திறந்தது. கைப்பிடி சரியாக இருக்கிறதா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். லைன் எட்டு கிலோவில் கல் மாதிரி நின்றது. அம்மா இந்த முறை பைப்பைத் தொட்டுப் பார்த்தார். அப்பா, அம்மா தொடுவதைப் பார்த்தார்.

ஏப்ரல் 17, வெள்ளி

சாயங்காலம் கடையில் அப்பாவுக்குத் துணையாக இருந்தேன். தண்டனைதான், பெயர் மட்டும் துணை.

ஒருவர் வந்தார். பைக் சர்வீஸ் கடை புதிதாகப் போடுகிறாராம். "அரை இஞ்சு பி.வி.சி. பத்து லென்த் குடுங்க."

அப்பா எழுந்து பைப்பில் கை வைத்துவிட்டு, நின்றார். "தண்ணிக்கா, காத்துக்காங்க?"

"கம்ப்ரஸர் லைனுக்குங்க."

"காத்துக்குன்னா இல்லீங்க."

"பின்னாடி அத்தன அடுக்கி வெச்சிருக்கீங்களே!"

"அது தண்ணிக்குங்க. காத்துக்கு ஜி.ஐ. போடுங்க. இது வெடிச்சா முதுகுல..."

"எனக்குப் பாடம் வேண்டாமுங், பைப்பு வேணும்" என்று அவர் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டார். ஈஸ்வரமூர்த்தி மாமா சந்தோஷமாகச் சாம்பல் பைப்புகளை உருவ ஆரம்பித்தது இங்கிருந்தே தெரிந்தது.

அப்பா உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். ஒரு பைப், இரண்டு, மூன்று என்று அங்கே வெளியே வந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்தார். செருப்பு மேஜைக்கடியில் கிடந்தது; அதைப் பார்க்கக்கூட இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தார் ரோட்டில் வெறுங்காலோடு தாவித் தாவிப் போனார்.

பேச்சு கேட்கவில்லை. படம் மட்டும் தெரிந்தது. பைப்பின் ஒரு முனையை அப்பா பிடித்திருக்கிறார், மறுமுனையை ஈஸ்வரமூர்த்தி மாமா. நடுவில் அந்த ஆள். அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு திரும்பி நின்று, தன் முதுகில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். தோளுக்குக் கொஞ்சம் கீழே. பிறகு ஈஸ்வரமூர்த்தி மாமா சாம்பல் பைப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கில் திருப்பி வைத்தார். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு இரும்புப் பைப்பைத் தட்டிப் பார்த்தார். உள்ளிருந்து அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு கத்தினார்: "சம்மு! அந்தச் செருப்ப எடுத்துட்டு வா, காலு வேகுது!"

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒளித்து வைக்கவில்லை. இன்று ஒரு நாள் போகட்டும்.